ஜப்பானிய ஏவி: ஒரு நடிகையின் முதல் படம் எப்படி உருவாகிறது, எங்கே சறுக்குகிறது

வயது வந்தோருக்கான வீடியோவை ஜப்பானில் சுருக்கமாக ‘ஏவி’ என்பார்கள். 1981-ல், வீடுகளுக்குள் வீடியோ டெக் நுழையத் தொடங்கியபோது பிறந்த தொழில் இது. அன்று முதல் இன்று வரை இந்தச் சந்தையில் ஒரு விஷயம் மாறவில்லை: புதுமுகத்துக்குத்தான் விலை. நடிகையின் இரண்டாவது படம் முதல் படத்தைவிட நன்றாக எடுக்கப்பட்டிருக்கலாம். ஆனாலும் ‘அறிமுகம்’ என்ற சொல்லை உறையில் ஒரே ஒரு முறைதான் அச்சிட முடியும். சம்பளம், விளம்பரம், வெளியீட்டுத் தேதி, அவசரம், ஏமாற்று எல்லாம் அந்த ஒரு சொல்லைச் சுற்றித்தான் நடக்கின்றன.

இந்தக் கட்டுரை அந்த முதல் படம் எந்த வரிசையில் உருவாகிறது, 2022-ல் வந்த சட்டம் அந்த வரிசையை எப்படி மாற்றியது என்பதை விளக்குகிறது. திரையில் என்ன வருகிறது என்பது இங்கே பேச்சில்லை. திரைக்கு முன்னும் பின்னும் இருக்கும் தாள்கள்தான் பேச்சு.

மூன்று தட்டுகள்

எல்லா நடிகைக்கும் ‘அறிமுகப் படம்’ என்ற ஒன்று அமைவதில்லை. துறைக்குள் மூன்று தட்டுகள் உண்டு. தன் பெயரும் முகமும் மட்டுமே போதும், படம் விற்கும் என்ற நிலையில் இருப்பவர் ‘தந்தாய்’. இவர் பெரும்பாலும் ஒரே நிறுவனத்துக்குப் பிரத்யேகமாக, மாதம் ஒரு படம் என்ற கணக்கில் நடிப்பார். உறையில் பெயர் வரும், ஆனால் பல நிறுவனங்களுக்கு மாறி மாறி நடிப்பவர் ‘கிகாதான்’. படத்தின் கருப்பொருள்தான் விற்பனைக்கு, நடிப்பவர் யாராக இருந்தாலும் சரி, பெயர்கூட அச்சாகாது என்றால் அது ‘கிகாகு’. இந்தக் கடைசித் தட்டில் நடிப்பவருக்கு அறிமுகப் படம் என்று ஒன்று இருக்காது. ஒரு நாள் வேலை, ஒரு சம்பளம், அவ்வளவுதான்.

ஆகவே ‘அறிமுகம்’ என்று பெரிதாக விளம்பரம் வரும்போது அது அநேகமாக முதல் தட்டுக்காரர். அந்தத் தட்டுக்குள்ளும் வகைகள் உண்டு. 2008-ல் தொடங்கிய முத்தெகி என்ற லேபிள், ஏற்கெனவே கிராவியூர் எனப்படும் நீச்சலுடைப் படங்களாலோ தொலைக்காட்சியாலோ அறியப்பட்ட முகங்களைக் கொண்டுவருவதற்கென்றே உருவானது. 2004-ல் தொடங்கிய எஸ் ஒன், 2000-ல் வந்த மூடீஸ், 1995-ல் தொடங்கிய சாஃப்ட் ஆன் டிமாண்ட் போன்றவை தங்கள் பெயரில் பிரத்யேக நடிகைகளை வைத்துக்கொள்ளும் பெரிய நிறுவனங்கள்.

வேறொரு நிறுவனத்துக்கு மாறினால் ‘மாற்ற அறிமுகம்’, விலகித் திரும்பி வந்தால் ‘மறு அறிமுகம்’, பெயரை மாற்றிக்கொண்டால் மறுபடியும் முதலிலிருந்து. ‘அசல் அமெச்சூர்’ என்று உறை சத்தியம் செய்யும் பலர் ஏஜென்சியில் (நடிகைகளைத் தயாரிப்பு நிறுவனங்களுக்கு அனுப்பும் அலுவலகத்தில்) பதிவு செய்து சில படங்கள் முடித்தவர்களாகவே இருப்பார்கள். விளம்பரத்தில் உள்ள வயதையும் அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஏஜென்சியின் கோப்பில் உள்ள வயது வேறு, விற்பனைக்கான வயது வேறு.

ஏஜென்சி வாசலில்

உள்ளே வரும் வழிகள் இரண்டு. ஒன்று, ஏஜென்சியின் இணையதளத்தில் தானே விண்ணப்பிப்பது. இன்னொன்று, தெருவில் ஆள்பிடிப்பவர். டோக்கியோவில் ஷிபுயா, ஷிஞ்சுக்கு போன்ற இடங்களில் ‘மாடலிங் வாய்ப்பு’ என்று அணுகுவது நெடுநாள் பழக்கம். இந்த வேலைக்குத் தெருவில் ஆள்பிடிப்பது டோக்கியோ மாநகரத்தின் தொல்லைத் தடுப்பு விதிகளின்படி குற்றம். ‘மாடல்’ என்று கூட்டிப்போய், அலுவலகத்தில் உட்கார வைத்து, மூன்று பேர் சுற்றி நின்று கையெழுத்து வாங்குவதுதான் பல வழக்குகளில் திரும்பத் திரும்ப வந்த கதை.

ஒழுங்காக நடக்கும் ஏஜென்சியில் முதல் வேலை, புகைப்படம் ஒட்டிய அரசு அடையாள அட்டையைப் பார்த்து வயதை உறுதி செய்வது. 18 நிரம்பாதவரைப் படம் எடுத்தால் அது சிறார் ஆபாசச் சட்டத்தின் கீழ் நேரடிக் குற்றம். அதில் ஒப்பந்தம், சம்மதம் என்று எதுவும் நிற்காது. அடுத்து, எதைச் செய்ய முடியும், எதை முடியாது என்ற படிவம். அதற்கடுத்து, வெளியே யாருக்கும் அதிகம் தெரியாத, ஆனால் மிக முக்கியமான கேள்வி: எவ்வளவு விளம்பரம் தாங்கும்? துறையில் இதை, ‘பப்ளிசிட்டி’ என்பதைச் சுருக்கி, ‘பப்’ என்பார்கள். வாரப் பத்திரிகை வரை சரியா, இணையத்தில் உறைப்படம் மட்டுமா, சமூக ஊடகக் கணக்கு உண்டா, கடை நிகழ்ச்சிக்கு வருவாரா? பப் விரிந்தால் சம்பளம் ஏறும். சுருங்கினால் இறங்கும்.

இங்கே புதியவர் தவறாமல் சறுக்குவது ஒரு நம்பிக்கையில்: ‘பப் வேண்டாம் என்று எழுதிவிட்டேன், யாருக்கும் தெரியாது.’ விளம்பரத்தைக் கட்டுப்படுத்த முடியும், விற்பனையைக் கட்டுப்படுத்த முடியாது. படம் ஃபான்சா போன்ற இணைய விற்பனைத் தளத்தில் ஏறிய நிமிடத்திலிருந்து உறைப்படம் தேடுபொறிக்குப் போய்விடும்.

படிவம் முடிந்தபின் விளம்பரப் புகைப்படங்கள் எடுத்து, மேலாளருடன் தயாரிப்பு நிறுவனங்களுக்கு நேர்முகம் போவார்கள். எந்த நிறுவனம் முதலில் கை தூக்குகிறது, எந்தத் தட்டில் எடுக்கிறது என்பது இங்கேதான் தீர்மானமாகிறது. சம்பளம் முதலில் ஏஜென்சிக்குப் போய், அங்கே ஒரு பங்கு கழிந்து நடிகைக்கு வரும். நிறுவனம் மொத்தமாக எவ்வளவு கொடுத்தது என்பதே பலருக்குத் தெரியாமல் இருந்தது. 2017-ல் அமைந்த ஏவி மனித உரிமை நெறிமுறை அமைப்பு, தன் விதிகளை ஏற்ற நிறுவனங்களுக்கு அந்த மொத்தத் தொகையை நடிகைக்குச் சொல்லியாக வேண்டும் என்று விதி வைத்தது. அந்த எண்ணைக் கேட்டு வாங்காமல் கையெழுத்துப் போடுவது, கூலி தெரியாமல் வேலைக்குப் போவதுதான்.

2022 சட்டம் போட்ட காலண்டர்

இந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்று தெரிந்தால்தான் அதன் உறுப்புகள் புரியும். படத்தில் நடிக்க மறுத்த ஒரு பெண்ணிடம் ஏஜென்சி 2 கோடியே 40 லட்சம் யெனுக்கு மேல் இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டது. 2015 செப்டம்பரில் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. நடிப்பவரின் விருப்பத்துக்கு மாறாகச் செய்ய வைக்கக்கூடிய வேலையே அல்ல இது என்றது. 2016 மார்ச்சில் ஹியூமன் ரைட்ஸ் நவ் என்ற அமைப்பு கட்டாய நடிப்பு பற்றி அறிக்கை வெளியிட்டது. அதே ஆண்டு ஜூனில் ஒரு பெரிய ஏஜென்சியின் முன்னாள் தலைவர், ஆட்களை வேறு நிறுவனங்களுக்கு வேலைக்கு அனுப்புவதைக் கட்டுப்படுத்தும் தொழிலாளர் அனுப்புதல் சட்டத்தின் கீழ் கைதானார். அதன் பிறகுதான் துறை தானாகவே விதிகள் எழுத உட்கார்ந்தது.

கடைசித் தள்ளு வேறிடத்திலிருந்து வந்தது. 2022 ஏப்ரல் 1 முதல் ஜப்பானில் வயது வந்தவர் என்பதற்கான வரம்பு 20-லிருந்து 18 ஆகக் குறைந்தது. அதுவரை 18, 19 வயதினர் பெற்றோர் சம்மதமின்றிப் போட்ட ஒப்பந்தத்தைப் பின்னர் ரத்து செய்யலாம். ஏவி ஒப்பந்தங்களிலிருந்து தப்ப அதுதான் பலருக்கு ஒரே கதவு. அந்தக் கதவு ஒரே நாளில் மூடியது. எதிர்ப்பு கிளம்ப, அந்த வயதினருக்கு மட்டும் என்று ஆரம்பித்த பேச்சு எல்லா வயதினருக்கும், ஆண் பெண் வேறுபாடின்றி, என்று விரிந்தது. ஜூன் 15-ல் சட்டம் நிறைவேறி, ஜூன் 23-ல் அமலுக்கு வந்தது.

இப்போது காலண்டர். படத்துக்குப் படம் தனி ஒப்பந்தம், அதுவும் எழுத்தில். ‘பத்துப் படம் நடிப்பேன்’ என்று மொத்தமாகக் கட்டிப்போட முடியாது. ஒப்பந்தத் தாளையும் விளக்கத் தாளையும் கையில் கொடுத்த நாளிலிருந்து ஒரு மாதம் கடக்காமல் கேமராவை இயக்கக்கூடாது. எல்லாப் படப்பிடிப்பும் முடிந்த நாளிலிருந்து நான்கு மாதம் கடக்காமல் வெளியிடக்கூடாது. வெளியிடுமுன் நடிகைக்குப் படத்தைப் பார்க்க வாய்ப்புத் தர வேண்டும். வெளியான நாளிலிருந்து ஓராண்டு வரை, காரணம் சொல்லாமலே, அவர் ஒப்பந்தத்தை முறிக்கலாம்.

எண்களாகப் பார்த்தால் எளிது. 2025 மார்ச் 1 அன்று தாள்கள் கைக்கு வந்தன என்று வைத்துக்கொள்வோம். முதல் நாள் கணக்கில் சேராது. ஒரு மாதம் ஏப்ரல் 1-ல் முடிகிறது. படப்பிடிப்பு ஏப்ரல் 2 முதல். ஏப்ரல் 10-ல் எல்லாம் முடிந்தால் நான்கு மாதம் ஆகஸ்ட் 10 வரை. வெளியீடு ஆகஸ்ட் 11 முதல். ஆகஸ்ட் 20-ல் வெளியானால் 2026 ஆகஸ்ட் 20 வரை முறிக்கும் உரிமை உண்டு. ஆக, ஓர் அறிமுகப் படத்துக்குக் கையெழுத்திலிருந்து கடைக்கு வர ஐந்து மாதத்துக்கு மேல் ஆகும். ‘அடுத்த வாரம் ஷூட்டிங், அடுத்த மாதம் ரிலீஸ்’ என்று யாராவது சொன்னால் வேறெதையும் விசாரிக்க வேண்டாம், அங்கேயே எழுந்து வந்துவிடலாம்.

நான்கு மாதக் கணக்கு ‘எல்லாப் படப்பிடிப்பும் முடிந்த நாளில்’ தொடங்குகிறது என்பதைக் கவனியுங்கள். எடிட்டிங்கில் ஒரு துண்டு போதவில்லை என்று மே 10-ல் மறுபடி எடுத்தால், கணக்கு மே 10-லிருந்து தொடங்கும். ஆகஸ்ட் வெளியீட்டுக்கு விளம்பரம் கொடுத்த நிறுவனம் செப்டம்பர் வரை கையைக் கட்டிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

ஒப்பந்தத் தாளில் என்ன இருக்க வேண்டும்? படப்பிடிப்பின் நாள், நேரம், இடம். என்ன செய்ய வேண்டும் என்பது பொதுவாக இல்லாமல் திட்டவட்டமாக. உடன் நடிப்பவரை அடையாளம் காணும் விவரம். எங்கே எப்படி எவ்வளவு காலம் வெளியிடுவார்கள். சம்பளம் எவ்வளவு, எப்போது. ‘இயக்குநர் சொல்வதைச் செய்ய வேண்டும்’ என்ற ஒற்றை வரி இவற்றுக்கு ஈடாகாது. விளக்கத் தாளில் முறிக்கும் உரிமையும், படம் வெளியானால் அடையாளம் தெரிந்துபோகலாம் என்ற எச்சரிக்கையும், உதவி கேட்கும் இடமும் இருக்க வேண்டும். பாலியல் வன்முறைக்கு ஆளானவர்களுக்கான உதவி மையங்களின் பொது எண்ணான #8891-ல் இதற்கும் ஆலோசனை கிடைக்கும்.

விதி மீறினால் விளைவு மூன்று விதம். தாளே கொடுக்காவிட்டாலோ, விளக்காவிட்டாலோ ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். ஒரு மாதம், நான்கு மாத இடைவெளியை மீறினால் உடனே முறிக்கலாம். எதையும் மீறாவிட்டாலும் ஓராண்டுக்குள் முறிக்கலாம். எந்த வழியிலும் நிறுவனம் இழப்பீடு கேட்க முடியாது. அபராதம் என்று ஒப்பந்தத்தில் எழுதி வைத்திருந்தால் அந்த வரி செல்லாது. முறிக்க விடாமல் பொய் சொன்னாலோ மிரட்டினாலோ மூன்றாண்டு வரை சிறை அல்லது 30 லட்சம் யென் வரை அபராதம். நிறுவனத்துக்கு 10 கோடி யென் வரை.

இதில் அடிக்கடி தவறாகப் புரிந்துகொள்ளப்படும் ஓர் இடம்: முறித்தால் இரு தரப்பும் பழைய நிலைக்குத் திரும்ப வேண்டும். படத்தை நிறுவனம் விற்பனையிலிருந்து எடுக்கும்; வாங்கிய சம்பளத்தை நடிகை திருப்பித் தர வேண்டும். ‘பணமும் எனக்கு, படமும் நீங்கிவிடும்’ என்ற கணக்கு இல்லை. ஆகவே முதல் படச் சம்பளத்தை ஓராண்டுக்குத் தொடாமல் வைத்திருப்பவருக்குத்தான் அந்த உரிமை உண்மையில் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. கடனை அடைக்க வந்தவருக்கு அது காகித உரிமைதான். இந்த இடத்தைச் சட்டம் தீர்க்கவில்லை.

துறைக்குள்ளிருந்து வந்த விமர்சனத்தையும் சொல்ல வேண்டும். சட்டம் அமலுக்கு வந்த வாரங்களில் ஏற்பாடாகியிருந்த படப்பிடிப்புகள் கூட்டமாக ரத்தாயின. எங்களைக் கேட்காமலே எழுதிவிட்டார்கள் என்று நடிகைகளே பேசினார்கள். ஒருவருக்கு உடல்நிலை சரியில்லை என்றால் முன்பு மாற்று ஆளை மறுநாள் கூப்பிடலாம். இப்போது அந்த மாற்று ஆளுக்கும் ஒரு மாதம் காத்திருக்க வேண்டும். பிரத்யேக ஒப்பந்தக்காரர்கள் தாக்குப்பிடித்தார்கள். அடி விழுந்தது நாள்கூலியான கிகாகு தட்டுக்கு. அந்த விமர்சனத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் புதுமுகத்தைப் பொறுத்தவரை அந்த ஒரு மாதம் தேவைதான். சம்மதத்தை யோசித்துப் பார்க்க சட்டப்படியான வேறு எந்த இடைவெளியும் அதற்கு முன் இருந்ததில்லை.

படப்பிடிப்பு நாள்

அறிமுகப் படம் பெரும்பாலும் ஒன்று அல்லது இரண்டு நாளில் முடியும். விற்பனைக்கு வரும் நீளம் இரண்டு மணி நேரமோ அதற்குச் சற்று மேலோ. காலையில் ஒப்பனையிலேயே ஒரு மணி நேரத்துக்கு மேல் போகும். அதற்கு முன்பே பாலியல் தொற்றுப் பரிசோதனைச் சான்று கையில் இருக்க வேண்டும்: எச்ஐவி, சிபிலிஸ், கிளமிடியா, கொனோரியா ஆகியவை வழக்கமான பட்டியல், ஒரு மாதத்துக்குள் எடுத்தது. உடன் நடிப்பவரின் சான்றையும் பார்க்கக் கேட்கலாம், கேட்க வேண்டும். பரிசோதனை எடுத்த நாளுக்கும் படப்பிடிப்புக்கும் நடுவே வந்த தொற்றை எந்தச் சான்றும் காட்டாது என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

உறைக்கான புகைப்படப் பிடிப்பு தனி வேலை. படம் எப்படி இருந்தாலும் வாங்க வைப்பது உறைதான் என்பதால் அதற்கு நேரமும் ஒளியும் தாராளமாகச் செலவழிப்பார்கள். முதல் படத்தில் பேட்டிப் பகுதி நீளமாக இருப்பதற்கும் காரணம் உண்டு: வாங்குபவருக்கு இன்னும் அந்த முகத்தோடு அறிமுகம் இல்லை. பதில்களில் பாதி ஏஜென்சி எழுதிக் கொடுத்த சுயவிவரத்திலிருந்து வரும். ஊர், படிப்பு, குடும்பம் பற்றி உண்மையைச் சொல்லிவிட்டால் பின்னால் அதைத் திரும்ப எடுக்க முடியாது. அனுபவமுள்ள மேலாளர்கள் இதை முன்கூட்டியே சொல்லிவைப்பார்கள்.

இன்னொன்று. ஒப்பந்தத்தில் எழுதியிருந்தாலும், அந்த நிமிடத்தில் ஒரு காட்சியை நடிகை மறுக்கலாம். மறுத்ததற்காக இழப்பீடு கேட்க முடியாது. மறுக்கக்கூடிய சூழலை அமைத்துத் தருவதும், உடல்நலத்தைக் காப்பதும் தயாரிப்பாளரின் கடமை என்று சட்டத்திலேயே உள்ளது. இருபது பேர் காத்திருக்கும் அறையில் ஒரு புதுமுகம் ‘வேண்டாம்’ என்று சொல்வது எவ்வளவு கடினம் என்பது வேறு கதை. அதனால்தான் மேலாளர் அன்று கூடவே இருக்கிறாரா என்று முன்பே கேட்டு வைப்பது நல்லது.

வெளியான பிறகு

ஜப்பானியக் குற்றவியல் சட்டத்தின் 175-ஆம் பிரிவு ஆபாசப் பொருள் விநியோகத்தைத் தடுக்கிறது. விற்பனைக்கு வரும் ஏவியில் மொசைக் மறைப்பு இருப்பது அதனால்தான். மறைப்புப் போதுமானதா என்று தணிக்கை அமைப்பு பார்த்து, முத்திரை கொடுத்த பிறகே ஒழுங்கான விற்பனை. மறைப்பில்லாமல் ‘கசிந்தது’ என்று சுற்றும் எதுவும் நடிகை ஒப்புக்கொண்ட வெளியீடு அல்ல.

குடும்பத்துக்கோ அலுவலகத்துக்கோ தெரிந்துபோவதை அங்கே ‘மிபாரே’ என்பார்கள். பலர் முகத்தை நினைத்தே கவலைப்படுவார்கள். பிடிபடுவது பெரும்பாலும் வரியில். நடிகை சுயதொழில் செய்பவராகக் கருதப்படுவார். 10 லட்சம் யென் வரையிலான தொகைக்கு 10.21 சதவீதம் வரி முன்கூட்டியே பிடிக்கப்படும். அடுத்த ஆண்டு பிப்ரவரி நடுவிலிருந்து மார்ச் 15-க்குள் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். பகலில் வேறொரு அலுவலகத்தில் வேலை பார்ப்பவருக்கு, உள்ளூர் குடியிருப்பு வரி அறிக்கை அந்த அலுவலகத்துக்கே போகும். சம்பளத்துக்குப் பொருந்தாத பெரிய வரியைக் கணக்குப் பிரிவு கவனிக்கும். தாக்கல் படிவத்தில் இந்த வருமானத்துக்கான குடியிருப்பு வரியை ‘நானே கட்டுகிறேன்’ என்ற கட்டத்தில் குறி போட்டால், பொதுவாக அந்தப் பகுதி வீட்டு முகவரிக்கு வரும். தாக்கலே செய்யாமல் விடுவது இன்னும் மோசமான வழி.

ஓராண்டு கடந்த பிறகு படத்தை எடுக்கச் சொல்ல முடியுமா? சட்டப்படியான நிபந்தனையற்ற உரிமை அதோடு முடிகிறது. 2024 ஜூன் 22 வரை போட்ட ஒப்பந்தங்களுக்கு மட்டும் அது இரண்டாண்டு. ஆனால் ஏவி மனித உரிமை நெறிமுறை அமைப்பின் வழியாக, வெளியாகி ஐந்தாண்டு கடந்த படங்களின் விற்பனையை நிறுத்தக் கேட்கும் ஏற்பாடு 2018 முதல் இருக்கிறது. அதன் விதிகளை ஏற்ற நிறுவனங்களுக்கு மட்டும் பொருந்தும். தனியாட்கள் எடுத்து நேரடியாக விற்கும் படங்களுக்கு இது எட்டாது. 2022 சட்டம் மட்டும் அவற்றுக்கும் பொருந்தும்.

திருட்டுத் தளங்கள் தனிச் சிக்கல். நடிகை புகார் கொடுத்தால், உள்நாட்டு இணைய சேவை நிறுவனம் பதிவேற்றியவரிடம் கேட்டு, இரண்டு நாளுக்குள் மறுப்பு வராவிட்டால் நீக்கலாம். அதற்காக அந்த நிறுவனம் பொறுப்பேற்க வேண்டியதில்லை. முன்பு அந்த அவகாசம் ஏழு நாள். வெளிநாட்டு சர்வர்களில் இருப்பவற்றை இந்த இரண்டு நாள் விதி தொடாது. நீக்கக் கோரும்போது ஒவ்வொரு படத்தின் தயாரிப்பு எண்ணையும், அதாவது உறையின் முதுகில் நிறுவனக் குறியீட்டோடு அச்சாகியிருக்கும் எண்ணையும், ஒவ்வொரு பக்கத்தின் முகவரியையும் கொடுக்க வேண்டும். மேடைப் பெயரை மட்டும் கொடுத்தால் வேலை நடக்காது. தொகுப்புப் படங்களில் அதே காட்சி வேறு எண்ணில் மறுபடி வந்திருக்கும், அதையும் தனியாகத் தேடிச் சேர்க்க வேண்டும்.